நந்திக்கடலின் வான்வேடர்

கண்டி வீதியில் மாங்குளத்தை அடைந்து கிழக்கே திரும்பினால், ஒட்டுசுட்டான், தண்ணீரூற்று, முள்ளியவளை ஆகிய ஊர்களைக் கடந்து முல்லைத்தீவைச் சேரலாம். பட்டினத்தின் மேற்கே நந்திக்கடல் என்னும் களப்பு பரந்து கிடக்கின்றது. 2009ஆம் ஆண்டு மே மாதத்தில் போரின் இறுதித் துயரைக் கண்ட நீர்நிலை அது. இன்று அதன் கரையில் மீண்டும் வலைகள் உலர்கின்றன.

காலையில் கடற்கரைக்குச் சென்ற நாம் கரைவலை இழுக்கும் காட்சியைக் கண்டோம். பலர் கயிற்றைப் பற்றி ஒரே மூச்சாக இழுத்தனர். அவர்தம் தலைக்கு மேலே செம்பருந்துகள் வட்டமிட்டன. ஊரார் பிராந்து என்பதும், வெண்கழுத்தைக் கண்டு கருடன் என்று கைகூப்புவதும் இப்பறவையையே. கீழே மனிதர் போல மேலே பறவைகளும் கூடி உழைக்கின்றன என்று காண்போர்க்குத் தோன்றும். ஆனால், ஒன்று மீனைப் பற்றியதும் மற்றவை துரத்திப் பறிக்க முயல்கின்றன! இரையுள்ள இடத்தை ஒன்றைப் பார்த்து மற்றொன்று அறிகின்றது, அவ்வளவே. அந்தியில் ஒரே தோப்பில் பலவாகக் கூடித் துயிலும் வழக்கமும் இவற்றுக்குண்டு. எனினும் இது கூட்டமேயன்றிக் கூட்டு வேட்டை அன்று.

மெய்யான கூட்டு வேட்டையை அமெரிக்காவின் வறண்ட நிலங்களில் வாழும் ஹாரிஸ் பருந்துகளிடம் காணலாம். நியூ மெக்சிக்கோவில் அவற்றை ஆராய்ந்த ஜேம்ஸ் பெட்நார்ஸ் என்பார், தம் முடிவுகளை 1988இல் வெளியிட்டார். முயல் புதருள் ஒளிந்தால், ஒரு பருந்து உட்புகுந்து கலைக்கும். ஏனையவை சுற்றிலும் காத்திருந்து பாயும். ஓடும் முயலை மாறி மாறித் துரத்துவதும் உண்டு. பிடித்த இரையை யாவும் பகிர்ந்துண்ணும். தம்மினும் பெரிய முயலைத் தனித்து வெல்லல் அரிது, கூடினால் எளிது. களப்பு மீனைப் பற்றவோ ஒரு பருந்தே போதும்.

வன்னிக் கரையில் உறவின் உறுதியைக் காண விழைவோர் வெண்வயிற்றுக் கடற்கழுகை நோக்குதல் வேண்டும். விரித்த சிறகு ஏறத்தாழ 2 மீற்றர் அகலமுள்ள இப்பறவை, ஆணும் பெண்ணுமாக ஆண்டு முழுவதும் ஓரெல்லையைக் காத்து வாழ்கின்றது. ஒன்று குரலெழுப்ப மற்றது உடன் குரல் கொடுக்கும். நீரருகே நிற்கும் உயர்ந்த மரத்தில் சுள்ளிகளால் கூடமைத்து, ஆண்டுதோறும் அதனையே புதுக்கிப் பெருக்குகின்றன. குஞ்சுகளுக்கு இரையூட்டுவதில் இரண்டிற்கும் பங்குண்டு.

வடக்கேயுள்ள சுண்டிக்குளம் 1938இல் பறவைகள் சரணாலயமாகி, 2015இல் தேசியப் பூங்காவாக உயர்த்தப்பட்டது. ஆனால் பூங்காவின் எல்லை கழுகுக்குத் தெரியாது. அது அறிந்தது தன் மரம் ஒன்றையே. வீட்டுக்கும் வயலுக்கும் நிலம் திருத்தும் வன்னி மக்கள், களப்போரத்து நெடுமரங்களை மட்டும் விட்டுவைப்பார்களாயின், பல்லாண்டு வளர்ந்த ஒரு குடும்பத்தைக் காத்தவராவர்.