வாடை நின்றால் வெளியே வா

பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரத்தில் ராசிபுரம், சேந்தமங்கலம், திருச்செங்கோடு பக்கத்து அருந்ததியர் தெருக்களுக்கு நாங்கள் போவது வழக்கம். யார் எந்த குரூப், என்ன மதிப்பெண், அடுத்து என்ன படிக்கப் போகிறார்கள் என்று கேட்டு எழுதிக்கொள்வோம். நர்சிங், பாலிடெக்னிக், வக்கீல் படிப்பு என்று எதைச் சொன்னாலும் பெற்றோர் தலையாட்டுவார்கள். ஒரே ஒரு படிப்பைச் சொன்னால் மட்டும் முகம் மாறிவிடும். அது சுகாதார ஆய்வாளர் படிப்பு. ஊர் வழக்கில் சானிட்டரி இன்ஸ்பெக்டர் கோர்ஸ்.

"ஏனுங்க தோழர், நாங்க கூட்டுனது பத்தாதா? எம்பையனும் அந்தக் குப்பைக்கே போகோணுமா?" என்று இந்த ஆண்டு ஒரு அம்மா கேட்டார். பேரூராட்சியில் ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர். எங்களுக்கு உடனே பதில் வரவில்லை. அவர் கேட்டதில் என்ன தப்பு? 'துப்புரவு' என்ற சொல்லை அரசு 'தூய்மை' என்று மாற்றிவிட்டது. அந்த வேலைக்கு ஆள் தேடி எந்தத் தெருவுக்கு வருகிறார்கள் என்பது மாறவில்லை. எங்களுக்குள்ளேயே இதில் சண்டை உண்டு. இந்தத் தொழிலை விட்டு வெளியே வா என்று முழங்குகிற நாமே, அதே துறைக்குப் பிள்ளைகளை அனுப்புவதா என்று பாதித் தோழர்கள் இன்றும் கேட்கிறார்கள். நாங்களும் அப்படித்தான் பேசிக்கொண்டிருந்தோம், ஒரு ராத்திரி வரை.

சில ஆண்டுகளுக்கு முன் இந்தப் படிப்புக்குப் போன பையன் ஒருவன் விடுமுறைக்கு வந்திருந்தான். அவன் அப்பா செப்டிக் டேங்க் வேலைக்குப் போகிறவர். வாசலில் கட்டில் போட்டு எல்லோரும் பேசிக்கொண்டிருந்தோம். டேங்கில் இறங்கலாமா வேண்டாமா என்று எப்படித் தெரிந்துகொள்வீர்கள் என்று மகன் கேட்டான்.

"மூடியத் தொறந்து கொஞ்ச நேரம் உடோணும் கண்ணு. மொதல்ல அழுவுன முட்டை வாடை வரும். அப்பறம் வாடை நின்னுரும். நின்னாப் பயமில்ல, எறங்கலாம்."

நாமக்கல்காரர்களுக்கு அழுகிய முட்டை வாடையை விளக்க வேண்டியதில்லை. அவருக்கு இந்த விதியைச் சொல்லிக் கொடுத்தது அவருடைய அப்பா. மகன் தன் நோட்டை எடுத்து வந்தான். அந்த வாடை ஹைட்ரஜன் சல்பைடு என்ற வாயு. காற்றை விடக் கனமானது, அதனால் குழிக்குள்ளேயே தங்கும். துளியளவு இருந்தாலே மூக்குக்குத் தெரியும். காற்றில் பத்து லட்சம் பங்குக்கு 100 பங்கு அளவில் ஏறிவிட்டால் சில நிமிடங்களில் மூக்கின் உணர்வு மரத்துப்போகும். வாடை நின்றுவிட்டது என்றால் வாயு போய்விட்டது என்று அர்த்தமில்லை, மூக்கு வேலை செய்வதை நிறுத்திவிட்டது என்றும் அர்த்தம் இருக்கலாம். அதைப் போலப் பல மடங்கு கூடினால் நாலைந்து மூச்சிலேயே ஆள் சரிந்துவிடுவான். அடியில் கிடக்கும் சகதியைக் கிளறினால் அடைந்திருந்த வாயு மொத்தமாகக் கிளம்பும். விழுந்தவனைத் தூக்க இறங்குகிறவனும் விழுவான். பத்திரிகைச் செய்தியில் ஏன் இரண்டு பேர், மூன்று பேர் என்று சேர்ந்தே சாகிறார்கள் என்று அன்றுதான் எங்களுக்குப் புரிந்தது.

அப்பா ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு தன்னோடு வேலை பார்த்துச் செத்தவர்களின் பெயரை விரல் விட்டு எண்ணினார். சாராயம் குடித்துவிட்டு இறங்கினான், அதனால் செத்தான் என்று அவரே சொல்லி வந்த ஒரு பெயரும் அதில் இருந்தது.

கையால் மலம் அள்ளுவதைத் தடுக்க 1993இல் ஒரு சட்டம் வந்தது, 2013இல் இன்னொன்று. கழிவுநீர்க் குழியில் செத்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் என்று உச்ச நீதிமன்றம் 2014 மார்ச்சில் சொன்னது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக்கியது. இந்தத் தொகைக்காக அலைந்த குடும்பங்களோடு நாங்களும் அலைந்திருக்கிறோம். அந்தப் பணம் செத்த பிறகு வருவது. மூடியைத் திறக்கும் முன்பு 'நிறுத்து' என்று சொல்ல வேண்டிய இடத்தில் யார் நிற்கிறார்? நகராட்சிகளில் அந்த இடம் இந்த ஆய்வாளருடையதுதான். (திருச்செங்கோட்டு ரிக் வண்டி ஆயிரம் அடிக்குப் பூமியைத் துளைக்கிறது. பத்தடிக் குழிக்கு மட்டும் மனிதன் இறங்க வேண்டுமாம்.)

வேலை மலக்குழியோடு முடிவதுமில்லை. குழாயின் கடைசி வீட்டில் குளோரின் 0.2 அளவாவது இருக்கிறதா, தண்ணீர்த் தொட்டியில் கொசுப்புழு இருக்கிறதா, காய்ச்சல் எந்தத் தெருவில் தொடங்கியது என்று பார்ப்பதும் அதில் சேரும். நம் வட்டாரத்தில் பார்ப்பதற்கா பஞ்சம்? சேலத்துச் சாக்கடையையும் சாயக் கழிவையும் சுமந்து வருகிற திருமணிமுத்தாறு, பள்ளிபாளையம் குமாரபாளையம் சாயப்பட்டறைகள், ஜவ்வரிசி ஆலைகளின் புளித்த நீர், கோழிப்பண்ணை ஈ. இவற்றின் ஓரத்திலெல்லாம் ஒரு காலனி இருக்கும், அது யாருடைய காலனி என்று சொல்லத் தேவையில்லை. 'நாற்றம் தாங்கவில்லை' என்று நாங்கள் கொடுத்த மனுக்களுக்குக் கணக்கில்லை. ஒன்றுக்கும் பதில் வராது. அளந்து, தேதி போட்டு, எண்ணோடு எழுதிக் கொடுத்த மனுவுக்கு அதிகாரி பதில் எழுதியாக வேண்டியிருக்கிறது. அந்தப் பையன் சொல்லிக் கொடுத்துத்தான் இதையும் கற்றோம்.

படிக்க நினைப்பவர்களுக்கு: பிளஸ் டூவில் உயிரியல், அல்லது தாவரவியலும் விலங்கியலும் வேண்டும். பத்தாம் வகுப்பில் தமிழ் ஒரு பாடமாக இருக்க வேண்டும். அதற்கு மேல் இரண்டாண்டுப் பயிற்சி. பொது சுகாதாரத் துறை இயக்குநர் வழங்கும் சான்றிதழ் கிடைக்குமா என்று சேரும் முன்பே கேளுங்கள். ஆறு மாதத்தில் இன்ஸ்பெக்டர் ஆக்குகிறோம் என்று போஸ்டர் ஒட்டுகிறவர்களிடம் நகையை அடகு வைத்துப் பணம் கட்டிய வீடுகளை எங்களுக்குத் தெரியும். திண்டுக்கல் பக்கம் காந்திகிராமத்தில் இந்தப் பயிற்சி நெடுநாளாக நடக்கிறது. அம்பேத்கர் படத்தைப் பெட்டியில் வைத்துக்கொண்டு காந்தி பெயரிலான இடத்துக்குப் போய்ப் படிக்கலாம், தப்பில்லை. 2023இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் 1066 இரண்டாம் நிலை சுகாதார ஆய்வாளர் இடங்களை அறிவித்தது. 2009 சட்டத்தின் 3 விழுக்காட்டு உள் ஒதுக்கீட்டில் கணக்குப் போட்டால் நமக்கு சுமார் 32 இடம். அந்த ஒதுக்கீடு செல்லும் என்று 2024 ஆகஸ்ட் 1இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. ஆனால் நம் பிள்ளைகள் பலர் பத்தாம் வகுப்பிலேயே உயிரியல் வேண்டாம் என்று ஒதுங்கிவிடுகிறார்கள், அல்லது ஒதுக்கப்படுகிறார்கள். பிளஸ் டூ ரிசல்ட்டுக்குப் பிறகு நாங்கள் போவதே இரண்டு வருடம் தாமதம்.

அந்தப் பையன் இப்போது வேறொரு ஊரில் ஆய்வாளர். சேர்ந்த முதல் வாரம் ஒரு வயதான பணியாளர், எந்த ஊர், எந்தத் தெரு என்று விசாரித்தாராம். தெரிந்ததும் சுற்றிலும் பார்த்துவிட்டு, "நம்ம புள்ளையா?" என்று மெதுவாகக் கேட்டிருக்கிறார். அதே கேள்வியை வாடகைக்கு வீடு கேட்ட இடத்தில் வேறு மாதிரி கேட்டார்கள். வீடு கிடைக்கவில்லை. ஒரு விழாவுக்கு முந்தைய நாள், அடைப்பெடுக்க ஆளை இறக்கச் சொல்லி வாய்மொழி உத்தரவு வந்தது. எழுத்தில் கொடுங்கள் என்றான். எழுத்து வரவில்லை, மதியத்துக்கு மேல் இயந்திரம் வந்தது. அடுத்த மாதம் அவனை வார்டு மாற்றினார்கள். இன்னொரு முறை அவன் பணிந்தும் போயிருக்கிறான். அன்று யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதைச் சொல்லும்போது அவன் எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை.

அவன் அப்பா அந்த ராத்திரிக்குப் பிறகு குழியில் இறங்கவில்லை. கழிவுநீர் லாரியில் குழாய் பிடிக்க மட்டும் போகிறார். கூலி பாதிதான். புதிதாக வருகிற பையன்களிடம், வாடை நின்னா வெளியே வந்துரு, மூடிப் பக்கமே நிக்காதே என்கிறாராம்.

கேள்வி கேட்ட அம்மா இன்னும் சம்மதிக்கவில்லை. மகனுக்கு உயிரியலில் நல்ல மதிப்பெண். முதல் நாளே கையில் துடைப்பத்தைக் கொடுத்துவிடுவார்களோ என்பதுதான் அவருடைய பயம். வருகிற ஞாயிற்றுக்கிழமை, லாரிக்குப் போகிற அந்த அப்பாவையே அவர் வீட்டுக்குக் கூட்டிப் போகிறோம்.