உயிர் காலேஜைத் தேடிப் போனேன்

என் அப்பாயி எண்பது வயதைத் தாண்டிய பிறகும் ஒரு கதையைச் சொல்லச் சலித்ததே இல்லை. 1937ஆம் ஆண்டில், பத்து வயதுச் சிறுமியாக, ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து ரயிலேறி மதராஸ் சென்ட்ரலில் வந்து இறங்கினாராம். கப்பலுக்கு நாள் இருந்தது. தகப்பனார் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலிருந்த 'உயிர் காலேஜு'க்குப் போனாராம். அங்கே வாழ்க்கையில் முதன்முதலாகப் புலியைப் பார்த்தாராம்.

"அது கூண்டுக்குள்ளே இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடந்துகிட்டே இருந்துச்சு. எனக்கு அது பாவமா இருந்துச்சு. அப்புறம் கப்பல்ல ஏறினப்போ நானும் அப்படித்தான் நடந்தேன்" என்று சொல்லிச் சிரிப்பார்.

உயிர் காலேஜ் என்றால் என்ன என்று இளைய வாசகர்கள் கேட்கக்கூடும். சென்னை மக்கள் எழும்பூரிலுள்ள அருங்காட்சியகத்தைச் 'செத்த காலேஜ்' என்றும், மிருகக்காட்சி சாலையை 'உயிர் காலேஜ்' என்றும் அழைத்தார்கள். முன்னதில் பாடம் செய்த விலங்குகள், பின்னதில் உயிருள்ள விலங்குகள். படிக்காத மக்கள் வைத்த பெயர்தான். ஆனாலும் இரண்டையும் 'காலேஜ்' என்றே சொன்னார்கள் பாருங்கள்! பார்த்துப் படிக்க வேண்டிய இடம் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

கடந்த ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறையில் நானும் என் கணவரும் சென்னைக்குப் போனோம். கோயில்களுக்குப் போவதாகத்தான் வீட்டில் பேச்சு. என் மனத்தில் மட்டும் அப்பாயியின் உயிர் காலேஜ் இருந்தது. அதற்கு இன்னொரு காரணமும் உண்டு.

எங்கள் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் இப்போது 27 பிள்ளைகள்தாம் படிக்கிறார்கள். தோட்டம் கைமாறிவிட்டது. பள்ளியைப் பட்டணத்துக் குடியிருப்புப் பகுதிக்கு மாற்றப் போகிறார்கள். எங்கள் தலைமையாசிரியரும் ஓய்வு பெறுகிறார். புதியவர் யார் என்று தெரியவில்லை. விடுமுறைக்கு முதல் நாள், பால்மரம் வெட்டும் ஒரு தாய் என்னைப் பள்ளி வாசலில் நிறுத்தி, "டீச்சர், புது எடத்துக்கு நீங்களும் வருவீங்கதானே?" என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. என் வீட்டுக்குப் பக்கத்திலேயே உள்ள வேறொரு பள்ளிக்கு மாற்றல் கேட்டு எழுதிய விண்ணப்பம் அப்போது என் கைப்பையில் இருந்தது.

பழைய இடம்

சென்ட்ரல் நிலையத்தில் நின்றுகொண்டு 'மிருகக்காட்சி சாலை எங்கே?' என்று கேட்டால் இன்று யாரும் பக்கத்தில் கை காட்டமாட்டார்கள். அது அங்கே இல்லை. புறநகர் ரயில்கள் புறப்படும் கட்டடத்தைக் காட்டி, "இங்கதான் மூர் மார்க்கெட் இருந்துச்சு. அதுக்குப் பின்னால ஜூ இருந்துச்சு" என்றார் ஒரு பெரியவர். 1900இல் திறக்கப்பட்ட மூர் மார்க்கெட் 1985 மே மாதம் தீக்கிரையானது. ரிப்பன் மாளிகை வெள்ளை வெளேரென்று நிற்கிறது. அதற்கு அப்பால் நேரு விளையாட்டரங்கம். இந்த வட்டாரம் முழுவதும் ஒரு காலத்தில் 116 ஏக்கர் பரப்புள்ள மக்கள் பூங்காவாக இருந்தது.

மிருகக்காட்சி சாலை பிறந்த கதை சுவையானது. 1855இல் எட்வர்ட் பால்ஃபர் என்ற மருத்துவர் எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் பொறுப்பாக இருந்தார். அவர் அங்கே உயிருள்ள விலங்குகளையும் வைக்கத் தொடங்கினார். கர்நாடக நவாபிடம் பேசி, அவர் வளர்த்துவந்த விலங்குகளையெல்லாம் கேட்டு வாங்கினார். ஓர் ஆண்டுக்குள் முந்நூறுக்கும் மேற்பட்ட விலங்குகள் சேர்ந்துவிட்டன. இந்தியாவின் முதல் பொது மிருகக்காட்சி சாலை என்று இதைத்தான் சொல்கிறார்கள். 1860களின் தொடக்கத்தில் விலங்குகள் மக்கள் பூங்காவுக்கு வந்தன. பொறுப்பு நகராட்சியின் கைக்குப் போனது.

நூறு ஆண்டுகளுக்கு மேல் அது அங்கேயே இருந்தது. பட்டணமோ வளர்ந்துகொண்டே போனது. ஒரு பக்கம் ரயில், ஒரு பக்கம் சந்தை, சாலையெங்கும் வண்டிகளின் இரைச்சலும் புகையும். விலங்குகளுக்கு இடம் போதவில்லை. பார்க்க வருவோர் கூட்டமோ பெருகிக்கொண்டே இருந்தது. 1970களில், 'இது இனி இங்கே இருக்க முடியாது' என்ற முடிவுக்கு வந்தார்கள்.

நம் தோட்டத்து மக்களுக்கு இது புதிய செய்தியல்ல. பட்டணம் வளர்ந்து தோட்டத்தின் வேலியைத் தொட்டுவிட்டால் அடுத்து என்ன நடக்கும் என்பது நமக்குத் தெரியும். லயம் போகும், கோயில் நகரும், பள்ளி இடம் மாறும். ஆகவே அந்த இடத்தில் நின்றபோது எனக்கு மனம் கனத்தது. அப்பாயி பார்த்த கூண்டின் அடையாளம் எதுவும் இல்லை. பெட்டி படுக்கையோடு பயணிகள் ஓடிக்கொண்டிருந்தார்கள். "சரி வா, புது இடத்தையும் பார்த்துவிடுவோம்" என்றார் என் கணவர்.

புதிய கை

சாலையைக் கடந்து பார்க் ஸ்டேஷனில் செங்கல்பட்டு ரயிலைப் பிடித்தோம். தாம்பரம் தாண்டி வண்டலூரில் இறங்கி, ஆட்டோவில் சில நிமிடங்களில் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவின் வாசலுக்கு வந்து சேர்ந்தோம். பழைய இடத்திலிருந்து ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர். செவ்வாய்க்கிழமை விடுமுறை. போகிறவர்கள் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

1979இல் தமிழ்நாடு வனத்துறை, வண்டலூர்க் காப்புக்காட்டில் 1,265 ஏக்கரை இதற்கென்று ஒதுக்கியது. அன்றைய முதலமைச்சர் எம்.ஜி.ஆர். 1985 ஜூலை 24ஆம் நாள் பூங்காவைத் திறந்துவைத்தார். நம் கோலாலம்பூர் தேசிய மிருகக்காட்சி சாலை 110 ஏக்கர். அதைப் போல் பதினொரு மடங்கு என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

காடு என்றதும் அடர்ந்த மரங்களை நினைக்க வேண்டாம். அன்று அது முட்புதர் மண்டிய வறண்ட பூமி. பூங்காவைச் சேர்ந்தவர்களும் சுற்றுவட்டார ஊர் மக்களும் சேர்ந்து ஆயிரக்கணக்கில் கன்று நட்டார்கள். இன்று நாம் நிழலில் நடப்பது அவர்கள் நட்ட மரங்களின் கீழேதான். காட்டை அழித்து ரப்பர் நட்டவர்களின் பேத்தி நான். வெற்று நிலத்தில் காட்டை நட்டவர்களைப் பற்றிக் கேட்டபோது என்னவோ போல் இருந்தது.

இங்கே இடம் மட்டும் மாறவில்லை, தலைமையும் மாறியது. நகராண்மையின் பொறுப்பில் இருந்தது வனத்துறையின் கைக்கு வந்தது. நகராண்மைக்குப் பூங்கா என்பது ஊரார் பொழுதுபோக்கும் இடங்களில் ஒன்று. வனத்துறைக்கோ விலங்கும் காடும்தான் வேலை. அந்த மாற்றத்தைக் கண்ணால் பார்க்கலாம். புலிக்கும் சிங்கத்துக்கும் முன்னால் இரும்புக் கம்பி இல்லை. நமக்கும் அவற்றுக்கும் நடுவே அகழி வெட்டியிருக்கிறார்கள். புல்லும் புதரும் நீரும் இருக்கின்றன. மேற்குத் தொடர்ச்சி மலையின் அரிய சோலைமந்தி இங்கே குட்டி போட்டுப் பெருகுகிறது. 2001இல் பூங்காவை ஒட்டி இன்னும் நிலம் சேர்த்து, மீட்கப்பட்ட விலங்குகளுக்குக் காப்பகம் அமைத்தார்கள்.

பால்ஃபரைப் பற்றி இன்னொரு செய்தியையும் இங்கே சொல்ல வேண்டும். மரங்களை அழித்தால் நாட்டின் மழையும் தட்பவெப்பமும் கெடும் என்று 1840களிலேயே எழுதியவர் அவர். அவர் தொடங்கிய மிருகக்காட்சி சாலை நூற்றிருபது ஆண்டுகளுக்குப் பிறகு வனத்துறையிடம் வந்து சேர்ந்தது பொருத்தம்தான்.

அந்தப் புலி

புலிகள் இருக்கும் பகுதிக்கு அருகே காக்கி உடையணிந்த ஒரு பராமரிப்பாளர் நிழலில் உட்கார்ந்திருந்தார். வேலை ஓய்வுக்குச் சில ஆண்டுகளே இருக்கும் வயது. மலேசியாவில் தோட்டப் பள்ளி ஆசிரியை என்று சொன்னதும் எழுந்து நின்றுவிட்டார். என் அப்பாயி கதையைச் சொன்னேன்.

"எங்கப்பாவும் அந்தப் பழைய ஜூவுல வேலை பார்த்தவருதான் டீச்சர்" என்றார். "இங்க மாத்தினப்போ ஒரு புலிய எறக்கி விட்டாங்களாம். கம்பிக்குள்ளயே பொறந்து வளந்தது. கதவத் தெறந்து விட்டா, புல்லு மேல கால் வைக்கல. ராத்திரி அடைக்கிற ரூமுக்குள்ளயே ஒரு மூலையில சுருண்டு படுத்துக்கிச்சாம்."

"அப்புறம்?"

"எங்கப்பா தெனம் அதே நேரத்துக்குப் போயி, பழைய எடத்துல கூப்பிட்ட மாதிரியே பேரச் சொல்லிக் கூப்பிடுவாராம். வேற யாரையும் பேச விடமாட்டாராம். ஒரு வாரம் கழிச்சு ஒரு கால வெளிய வெச்சுச்சாம். அப்புறம் மெதுவா மரத்தடி வரைக்கும் போச்சாம். எடம் மாறலாம் டீச்சர். கூப்பிடுற குரலும் அதே நாள்ல மாறிட்டா, அது யார நம்பி வெளிய வரும்?"

நான் ஒன்றும் பேசவில்லை. என் கணவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். விண்ணப்பத்தைப் பற்றி அவருக்குத் தெரியும்.

இடம் மாறியதும் கவலை எல்லாம் தீர்ந்துவிட்டது என்று நினைக்கக் கூடாது. 2016 டிசம்பரில் வர்தா புயல் அடித்தபோது இங்கே ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. 2021 ஜூனில் கொரோனா சிங்கங்களையும் பிடித்தது. நீலா என்ற பெண் சிங்கமும் பத்பநாதன் என்ற ஆண் சிங்கமும் அந்த மாதத்திலேயே இறந்துபோயின. அந்த நாட்களைப் பற்றிக் கேட்டேன். "சொல்ல முடியாது டீச்சர்" என்று சொல்லிவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

நம் தேசிய மிருகக்காட்சி சாலையையும் நினைத்துப் பார்த்தேன். 1963 நவம்பர் 14ஆம் நாள் துங்கு அப்துல் ரஹ்மான் திறந்துவைத்தது. மலேசிய விலங்கியல் கழகம் நடத்துகிறது. வாசலில் நாம் கொடுக்கும் நுழைவுச்சீட்டுப் பணத்தைத்தான் பெரிதும் நம்பியிருக்கிறது. 2020இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்து வாசல் அடைக்கப்பட்டபோது வருமானம் நின்றது. விலங்குகளின் பசி நிற்குமா? பொதுமக்கள் நன்கொடை கொடுத்தார்கள். என் வகுப்புப் பிள்ளைகள்கூட உண்டியலை உடைத்து 41 வெள்ளி சேர்த்தார்கள்.

தோட்டத்தில் புதுத் துரை வருகிறார் என்றால் பெரட்டுக் களத்தில் என்ன பேசிக்கொள்வோம்? "முதல் நாள் எங்கே போகிறார், பார்ப்போம்" என்போம். நேரே ஆபீசுக்குப் போகிறவரும் உண்டு. லயத்துக் குழாயில் தண்ணீர் வருகிறதா என்று பார்க்கிறவரும் உண்டு. மிருகக்காட்சி சாலையோ பள்ளியோ, எதுவானாலும் புதிதாக வருகிற தலைமைக்கு இதே சோதனைதான். வண்டலூரில் புதிய கை முதலில் மரத்தை நட்டது, கம்பியை எடுத்தது. ஆனால் அந்தப் புலியை வெளியே கொண்டுவந்தது பழைய கை. இரண்டும் வேண்டியிருந்தது.

திரும்பும் வழியில் ரயில் ஜன்னலோரம் உட்கார்ந்து நிறைய யோசித்தேன். புதுக் கட்டடத்தில் நல்ல வகுப்பறை இருக்கும். புதுத் தலைமையாசிரியர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் தோட்டத்தைத் தவிர வேறெதையும் அறியாத என் முதலாம் ஆண்டுப் பிள்ளை அந்தப் பெரிய வாசலில் நின்று மிரளும்போது பெயர் சொல்லிக் கூப்பிட ஒரு பழைய குரல் வேண்டாமா? பார்க் ஸ்டேஷனில் இறங்கியதும் கைப்பையிலிருந்த காகிதத்தை எடுத்துக் கிழித்துப் போட்டேன். "அதுதானே பார்த்தேன்" என்றார் கணவர்.

பள்ளி திறந்த முதல் நாள் அந்தத் தாயைத் தேடிப்போனேன். மரம் வெட்டி முடித்துப் பால் வாளியோடு வந்துகொண்டிருந்தார்.

"வர்றேன்மா. பிள்ளைங்களோட நானும் வர்றேன்" என்றேன்.