மருதையாற்றின் மேலும் கீழும்

2015 டிசம்பர் முதல் வாரத்தில், தென்சென்னையின் ஒரு மூன்றடுக்குக் குடியிருப்பில், இரண்டாம் தளத்தில் மூன்று இரவுகள் மின்சாரமின்றி அடைபட்டிருந்தோம். கீழ்த்தளம் முழுக்கத் தண்ணீர். குளிர்பதனப் பெட்டிக்குள் அம்மாவின் இன்சுலின் மெல்ல மெல்லச் சூடேறிக்கொண்டிருந்தது. இரண்டு கிலோமீட்டர் தொலைவுக்குள் இரண்டு பெரிய மருத்துவமனைகள் இருந்தன. இரண்டையுமே எங்களால் அடைய இயலவில்லை. மூன்றாம் நாள் மீனவர்களின் படகொன்று தெருவுக்குள் வந்தது.

இங்கே ‘நாங்கள்’ என்பது கணவனும் மனைவியுமாகிய எங்கள் இருவரையும் குறிக்கும். அம்மா எங்களில் ஒருவருக்குத் தாய், மற்றவருக்கு மாமியார். யாருக்கு எது என்பது எங்கள் வீட்டிலேயே பெரும்பாலும் மறந்துபோன செய்தி.

படகில் வந்துகொண்டிருந்தபோதே நகரத்தைத் துறக்க முடிவு செய்தோம் என்று எழுதினால் நன்றாக இருக்கும். ஆனால் அது உண்மையன்று. மனிதர்கள் அவ்வளவு விரைவில் முடிவெடுப்பதில்லை. சுவரின் ஈரம் காய்ந்து, புதுச் சுண்ணாம்பு அடித்து, அடுத்த ஆண்டு வானம் இருண்டபோது அம்மா ஒன்றும் பேசாமல் தம் மருந்துப் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அன்றுதான் தேடத் தொடங்கினோம்.

தேடல் பெரம்பலூரையும் அரியலூரையும் நோக்கித் திரும்பியதற்குக் காரணங்கள் எளியவை. நிலம் எங்கள் கைக்கு எட்டும் விலையில் இருந்தது. 2011 கணக்கெடுப்பின்படி பெரம்பலூர்தான் தமிழ்நாட்டில் மக்கள்தொகை மிகக் குறைந்த மாவட்டம். ஐந்தரை லட்சத்துக்குச் சற்று மேல். 1995-இல் திருச்சியிலிருந்து பெரம்பலூர் பிரிந்தது. அதிலிருந்து 2001-இல் அரியலூர் பிரிந்து, மறு ஆண்டே மீண்டும் சேர்ந்து, 2007-இல் திரும்பவும் பிரிந்தது. கூட்டுக் குடும்பத்தில் அடுப்பை மட்டும் பிரித்துக்கொண்ட அண்ணன் தம்பி போன்ற மாவட்டங்கள்.

அம்மாவுக்கு மட்டும் தயக்கம். அவர் பிறந்தது லால்குடிப் பக்கம்.

“அரியலூரா? ரயில் கவுந்த ஊராச்சே” என்றார்.

1956 நவம்பர் 23-ஆம் நாள் விடியற்காலையில், சென்னையிலிருந்து தூத்துக்குடி சென்றுகொண்டிருந்த விரைவு வண்டி அரியலூரைத் தாண்டியதும் மருதையாற்றுப் பாலத்தில் கவிழ்ந்தது. இரவு முழுக்கப் பெய்த மழையில் ஆறு பெருகிப் பாலத்தை அரித்திருந்தது. 140-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பொறுப்பேற்றுப் பதவி விலகினார். அந்த விலகல் பாடநூல்களில் இடம்பெற்றுவிட்டது. அந்த ஆற்றின் பெயர் இடம்பெறவில்லை. அம்மாவுக்கு அப்போது பதினாறு வயது. அமைச்சரை அவர் மறந்துவிட்டார், ஆற்றை மறக்கவில்லை.

நாங்கள் ஒரு பட்டியல் தயாரித்திருந்தோம். மழையளவு, கோடை வெப்பம், நிலத்தடி நீர், மருத்துவமனைத் தொலைவு, சாலை, திருட்டு பயம் என்று கட்டங்கள் போட்டு, ஊருக்கு ஊர் மதிப்பெண். படித்தவர்கள் அச்சத்தைக் கையாளும் முறை இது. பெரம்பலூரில் ஆண்டுக்கு ஏறத்தாழ 900 மில்லிமீட்டர் மழை, அரியலூரில் சற்றுக் கூடுதல். லண்டன் மாநகரில் 600 மில்லிமீட்டர்தான் பெய்கிறது என்று படித்தபோது எங்களுக்குப் பெருமிதமே உண்டாயிற்று.

அந்தப் பெருமிதம் 2017 கோடையில், ஆலத்தூர் வட்டாரத்தில் ஒரு கரிசல் காட்டில் உடைந்தது. மக்காச்சோளமும் பருத்தியும் சின்ன வெங்காயமும் விளையும் பூமி அது. நிலத்தைக் காட்ட வந்த பெரியவரிடம் இங்கே மழை எப்படி என்று கேட்டோம்.

“மழையக் கேக்காதீங்க சார். கெணத்த எட்டிப் பாருங்க” என்றார்.

பார்த்தோம். எண்பதடிக் கிணற்றின் அடியில் ஒரு செருப்பு கிடந்தது. காய்ந்த சேற்றில் பதிந்து, எடுத்து வைத்ததுபோல் தெளிவாகத் தெரிந்தது. முந்தைய ஆண்டு வடகிழக்குப் பருவமழை தமிழகத்தில் இயல்பைவிட 62 சதவீதம் குறைந்திருந்தது. 2017 ஜனவரியில் அரசு எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவையாக அறிவித்திருந்தது. லண்டனின் 600 ஆண்டு முழுவதும் தூறலாகப் பகிர்ந்து விழுவது. இங்கே உள்ள 900-இன் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையை அண்டிய சில வாரங்களில் கொட்டுவது. அந்த வாரங்கள் பொய்த்தால் ஆண்டே பொய்த்துப்போகும். சராசரி என்பது எந்த ஆண்டும் பெய்யாத மழை.

முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்து பாலையாகும் என்று சிலப்பதிகாரம் சொல்வதை வகுப்பறையில் இலக்கணமாகப் படித்திருக்கிறோம். பாலைக்கெனத் தனி நிலம் இல்லை. நிலத்துக்கு நேரும் ஒரு நிலை அது. அந்தக் கிணற்று விளிம்பில் அது இலக்கணமாகத் தோன்றவில்லை.

நிலத்தின் ஓரமாக ஒரு மணல் தடம் சென்றது. ஆடுகள் குறுக்கே நடந்துகொண்டிருந்தன. அது என்ன பாதை என்று கேட்டோம். பெரியவர் சிரித்தார். “அதுதான் மருதையாறு.”

பச்சைமலையில் பிறந்து, பெரம்பலூர் மாவட்டத்தின் வழியே வந்து, அரியலூர் மாவட்டத்தைக் கடந்து கொள்ளிடத்தில் சேரும் காட்டாறு. அம்மாவின் ஆறு. ஆடு கடக்கும் இந்தத் தடம்தான் ஒரு ரயிலை விழுங்கியதா என்று நெடுநேரம் நின்று பார்த்தோம்.

ஆற்றோடு போய்ப் பார்ப்பது என்று அப்போது தோன்றியது. மதிப்பெண் பட்டியலை மூடி வைத்துவிட்டு, அடுத்த ஓராண்டில் விடுமுறைக்கு விடுமுறை மருதையாற்றைப் பின்பற்றிக் கீழ்நோக்கி நகர்ந்தோம்.

நடுவில் சுண்ணாம்புக்கல் பூமி. பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே கடல் இருந்தது. சாத்தனூரில் கல்லாக மாறிக் கிடக்கும் 18 மீட்டர் நீள மரம் அக்காலத்து ஆறு கடலுக்கு அடித்து வந்தது என்கிறார்கள். காரையின் செம்மண் ஓடைகளில் குனிந்து பார்த்தால் கடலுயிர்களின் கல்லெச்சங்கள் தென்படுகின்றன. அந்தக் கடல் விட்டுச்சென்ற சுண்ணாம்பைத்தான் அரியலூரைச் சுற்றியுள்ள சிமெண்ட் ஆலைகள் அரைக்கின்றன. அதைச் சுமந்து செல்லும் லாரிகளுக்கு நடுவே இருசக்கர வண்டியில் ஒருநாள் சென்று திரும்பினோம். புயலும் வெள்ளமும் ஆண்டுக்கொரு முறை வரலாம். இந்தச் சாலையை அன்றாடம் கடக்க வேண்டும். சுரங்கத்துக்கு அருகில் ஒரு வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடித்தோம். வெடி வைக்கும் நேரம் சுவரிலிருந்த சாமி படம் இலேசாக ஆடியது. வீட்டுக்காரம்மாள் பேச்சை நிறுத்தவேயில்லை.

இறுதியில் கொள்ளிடத்தின் வடகரை. ஏலாக்குறிச்சிப் பக்கம் சென்றபோது நெல்லும் வாழையுமாகக் கண்ணுக்குக் குளிர்ச்சி. வீரமாமுனிவர் வாழ்ந்த ஊர். திருக்காவலூர் என்பது அதன் மற்றொரு பெயர். அங்கே கோயில் கொண்டிருப்பவள் அடைக்கல மாதா. காவலும் அடைக்கலமும் ஒருசேரப் பெயரில் அமைந்த ஊரைவிட எங்களுக்கு வேறென்ன வேண்டும்? ஆனால் நாங்கள் சென்றது 2018 ஆகஸ்டில். மேட்டூர் நிரம்பி வழிந்து, கொள்ளிடம் கரை தொட்டு ஓடியது. அம்மாதம் 22-ஆம் நாள் இரவு முக்கொம்பில் ஆர்தர் காட்டன் காலத்துக் கொள்ளிடம் கதவணையின் ஒன்பது மதகுகள் இடிந்து ஆற்றோடு போயின. 1836-இல் கட்டப்பட்டு, 182 ஆண்டுகள் நின்ற கட்டுமானம்.

கரையோர வீடொன்றின் திண்ணையில் அமர்ந்திருந்த மூதாட்டியிடம், பயமாக இல்லையா என்று கேட்டோம்.

“கொள்ளிடம் சொல்லிட்டுத்தான் சாமி வரும். மேட்டூருல தொறந்தா ரெண்டு மூணு நாளு ஆவும் இங்க வந்து சேர. சட்டி பானைய எடுத்து வெக்கலாம், மாட்ட ஓட்டலாம். இந்தக் காட்டாறு இருக்கு பாருங்க, அதுதான் சொல்லாம வரும்.”

பட்டியலில் எங்கள் கட்டங்கள் எதிலும் அந்தக் கேள்வி இல்லை. எவ்வளவு தண்ணீர் வரும் என்று கேட்டிருந்தோம். சொல்லிவிட்டு வருமா என்று கேட்கவில்லை. 1956-இல் நேர்ந்ததும், 2015-இல் எங்கள் தெருவில் நேர்ந்ததும் அதுதான். வறட்சி மாதக்கணக்கில் சொல்லிக்கொண்டு வருகிறது. பேராறு நாட்கணக்கில் சொல்கிறது. காட்டாறு சில மணி நேரமே தருகிறது. சாலையில் லாரி அதையும் தருவதில்லை. அபாயம் இல்லாத ஊரைத் தேடுவதை அத்துடன் விட்டுவிட்டோம். எந்த அபாயத்தை நம்மால் காது கொடுத்துக் கேட்க முடியும் என்பதே கேள்வியாயிற்று.

2019-இல், ஆற்றிலிருந்து நன்கு தள்ளி, லாரித் தடத்துக்கும் விலகிய ஒரு மேட்டூரில் வாடகைக்கு வீடு பிடித்தோம். நிலம் வாங்கும் முன் ஒரு கார்த்திகையையும் ஒரு கத்திரியையும் அங்கே கழிப்பது என்று விதித்துக்கொண்டோம். இடம்பெயர நினைக்கும் நண்பர்களுக்கு நாங்கள் துணிந்து சொல்லக்கூடிய ஒரே அறிவுரை இதுதான். கார்த்திகை, தண்ணீர் எந்த வழியே ஓடி எங்கே நிற்கிறது என்று காட்டிவிடும். கத்திரி, கிணற்றையும் அண்டை அயலையும் காட்டிவிடும்.

பக்கத்து வீட்டுத் தம்பதியர் எங்களுக்கு ஆசிரியர்களானார்கள். நல்லபாம்பு, கண்ணாடி விரியன், சுருட்டை விரியன், கட்டுவிரியன் ஆகிய நான்கையும் எங்கெங்கே எதிர்பார்க்க வேண்டும் என்று அவர்கள்தாம் கற்பித்தார்கள். கட்டுவிரியன் இரவில் வரும்; கடித்தால் வலிகூடத் தெரியாது; தரையில் உறங்குகிறவர் விடியலில் வயிற்று வலியென்று எழுவார், கண்ணிமை தொங்கும். ஆகவே கட்டில், கொசுவலை, கையில் விளக்கு. கடித்துவிட்டால் இறுக்கிக் கட்டாமல், கீறாமல், நேரே மருத்துவமனை. 2024-இல் தமிழ்நாடு அரசு பாம்புக்கடியைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய ஒன்றாக அறிவித்தபோது, அவ்வீட்டு அம்மாள் “எங்களுக்கு எப்பவோ தெரிவிச்சாச்சு” என்றார்.

2021-இல் அதே ஊரில் மனை வாங்கி வீடு கட்டினோம். தரைமட்டத்தை மூன்றடி உயர்த்தினோம். வெள்ளத்துக்கும் விரியனுக்கும் அது போதும் என்று எண்ணினோம். கூரையை மட்டும், பழக்கதோஷத்தில், நகரத்து வீடு போலவே கான்கிரீட் தளமாகப் போட்டோம். திண்ணை வைக்கவில்லை. வராந்தாவுக்கு ஒதுக்கிய இடம் நூலகமாயிற்று.

2024 மே தொடக்கம். தமிழகத்தின் உள்மாவட்டங்கள் பலவற்றில் வெப்பம் 40 பாகையைத் தாண்டி நின்ற நாட்கள். பகலைப் பற்றித்தான் நாங்கள் கவலைப்பட்டோம். ஆனால் கான்கிரீட் பகலெல்லாம் குடித்த வெயிலை இரவெல்லாம் உமிழும். நள்ளிரவில் வெளியே காற்று ஆறிவிட்ட பிறகும் எங்கள் அறைகள் ஆறவில்லை. ஊரார் திண்ணையிலும் வாசலிலும் கட்டில் போட்டுப் படுத்திருந்தார்கள். நாங்கள் பாம்புக்கு அஞ்சிக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே படுத்திருந்தோம். முதுமையில் தாகம் குறைந்துபோகிறது. நீரிழிவு இருந்தால் வியர்வையும் சரிவர வருவதில்லை. இவையெல்லாம் பிற்பாடு மருத்துவர் சொல்லித்தான் தெரியும். இரவு இரண்டு மணிக்கு அம்மா எங்களில் ஒருவரைத் தம் அக்காவின் பெயர் சொல்லி அழைத்து, ரயில் வந்துவிட்டதா என்று கேட்டார். தொட்டால் சுட்டது.

ஆம்புலன்ஸை அழைக்கத் தொலைபேசியை எடுத்தோம். எங்கள் குரலைக் கேட்டுப் பக்கத்து வீட்டுக்காரர் அதற்குள் வாசலில் நின்றார். அவருடைய குட்டியானை வண்டியில், வெங்காய மூட்டைகளை இறக்கிவிட்டு, ஈரப் போர்வை சுற்றி அம்மாவைக் கிடத்தினோம். அவர் மனைவி பின்னால் ஏறிக்கொண்டு வழி நெடுகச் சொம்பு நீரால் நனைத்துக்கொண்டே வந்தார். போகும் வழியில் மருதையாற்றுப் பாலத்தைக் கடந்தோம். கீழே மணல், நிலவில் வெளுத்துக் கிடந்தது.

அம்மா பிழைத்துக்கொண்டார். அவ்வாண்டு அக்டோபரில் அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. எங்கள் பழைய பட்டியலைத் தேடி எடுத்துப் பார்த்தோம். கோடை வெப்பம் என்ற கட்டத்தில், ‘சென்னையைவிடப் புழுக்கம் குறைவு, சமாளிக்கலாம்’ என்று எழுதி, பத்துக்கு ஏழு போட்டிருந்தோம். பக்கத்து வீட்டுக்கென்று கட்டம் எதுவும் இல்லை.

மருத்துவமனையிலிருந்து திரும்பிய அம்மா வீட்டை வாசலிலிருந்தே ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார்.

“மேல கீத்துப் பந்தல் போடுங்க. முன்னாடி ஒரு திண்ண கட்டுங்க. பொஸ்தகத்த உள்ள வெச்சுக்கலாம்.”

பந்தல் போட்டாயிற்று, ஆண்டுக்கொரு முறை கீற்று மாற்றுகிறோம். திண்ணை கட்டியாயிற்று. மாலையில் பக்கத்து வீட்டு அம்மாளும் அவரும் அதில் அமர்ந்து வெங்காயம் ஆய்கிறார்கள். மேற்கே பச்சைமலைப் பக்கம் மேகம் கறுத்தால், ஆத்துல தண்ணி வருதான்னு பாத்துட்டு வா என்று எங்களில் ஒருவரை அனுப்புகிறார். பெரும்பாலும் வந்திருப்பதில்லை. இருந்தாலும் போய்ப் பார்த்துவிட்டுத்தான் வருகிறோம்.