இராயபுரத்து ஓசையும் இரண்டு ஹெட்போன்களும்



திருப்பூர் என்றதும் உங்கள் நினைவுக்கு வருவது பனியன். ஊருக்குள் கால் வைத்தவரை முதலில் வரவேற்பதோ ஓசை. இரயில் நிலையத்தில் இறங்கி, காதர்பேட்டையின் மொத்த விற்பனைக் கடைகளைப் பார்த்துவிட்டு, இராயபுரத்துத் தெருக்களில் நடந்து பாருங்கள். ஒரு கட்டடத்திலிருந்து நிட்டிங் மெஷினின் இடைவிடாத முழக்கம் வரும். இன்னொரு மாடியிலிருந்து பவர் டேபிள்களின் படபடப்பு வரும். துணிக்கட்டு ஏற்றிய வண்டிகள் ஹாரன் ஒலித்தபடி உங்களை உரசிச் செல்லும். பல குடும்பங்களின் அடுப்பு இந்த ஓசையால் எரிகிறது. ஆகவே இதனை இங்கு எவரும் குறை கூறுவதில்லை.

அங்கு என் அக்காவின் இல்லம் உள்ளது. பகலில் பனியன் கம்பெனியில் கணக்கு எழுதும் அவர் மகன், இரவில் கைபேசி வழியே பாடம் கேட்டுத் தேர்வுக்குப் படிக்கிறான். சுவருக்கு அப்பால் நிட்டிங் மெஷின் ஓடுகிறது. சேமித்த பணத்தில் ஒரு ஹெட்போன் வாங்க விரும்பிய அவன், "மாமா, கம்பியுள்ளதா, கம்பியில்லாததா? நீங்களே சொல்லுங்கள்" என்றான்.

உங்கள் வீட்டிலும் இக்கேள்வி எழலாம். ஆதலால் இரண்டின் இயல்பையும் சொல்லிவிடுகிறேன்.

முதலாவது, பின்புறம் திறந்த வகை. ஜெர்மனியின் சென்ஹைசர் நிறுவனம் 1968இல் வெளியிட்ட எச்.டி. 414 இவ்வகையின் முன்னோடி. செவிக்குப் பின்னால் காற்று தாராளமாகப் போய்வருவதால் ஒலி இயல்பாக விரிகிறது. காதும் அதிகம் வியர்ப்பதில்லை. கம்பி வழியே இயங்குவதற்குச் சார்ஜ் தேவையில்லை. அம்மா அழைத்தால் கேட்கும். ஆனால் பக்கத்து மெஷினும் கேட்கும். நாம் கேட்பது அறையிலுள்ள பிறருக்கும் கேட்கும்.

இரண்டாவது, இரைச்சலைத் தணிக்கும் வகை. வெளியோசையைச் சிறு மைக்குகள் உள்வாங்க, கருவி அதற்கு நேரெதிரான அலையை உண்டாக்குகிறது. மேட்டைப் பள்ளம் நிரவுவதுபோல் ஓசை அடங்குகிறது. பால் லூயெக் என்ற ஜெர்மானியர் இக்கருத்துக்கு 1936இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். வங்காளத்திலிருந்து அமெரிக்கா சென்ற விடுதலைப் போராட்ட வீரர் ஒருவரின் மைந்தர் அமர் போஸ், 1978இல் விமானப் பயணமொன்றில் இரைச்சலால் இசை கெடுவதைக் கண்டு ஆய்வைத் தொடங்கினார். அவரது நிறுவனம் 1989இல் விமானிகளுக்கும், 2000இல் பொதுமக்களுக்கும் இத்தகைய ஹெட்போனைத் தந்தது. மாறாத முழக்கத்தை இது நன்கு அடக்கும். திடீர் ஒலியையும் பேச்சையும் அவ்வளவாக அடக்காது. அடிக்கடி சார்ஜ் செய்ய வேண்டும். சில ஆண்டுகளில் பேட்டரி தளரும்.

நண்பனிடம் இரவல் வாங்கிய திறந்த வகையை மருமகன் முதலில் சோதித்தான். மெஷின்கள் ஓய்ந்த ஞாயிற்றுக்கிழமை அது தேனாய் இருந்தது. திங்களன்று இரவு பாடம் புரியவில்லை. ஒலியைக் கூட்டினான், மேலும் கூட்டினான். ஆபத்து இங்குதான், வாசகர்களே! உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 80 டெசிபல் ஒலியை வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம். 90 டெசிபலாயின் 4 மணி நேரமே. இரைச்சலை வெல்ல நாம் கூட்டும் ஒலியே செவிக்குப் பகையாகிறது.

ஆகவே இரைச்சல் தணிக்கும் வகையே வாங்கினோம். அன்றிரவு அதனை அவன் தன் அத்தாவின் காதில் மாட்டினான். என் மச்சான் முப்பது ஆண்டுகள் நிட்டிங் மெஷின் அருகே நின்றவர். தொலைக்காட்சியை உரக்க வைப்பார். நாம் சொல்வதை இருமுறை கேட்பார். 'வயதாகிவிட்டது' என்றே நாங்கள் எண்ணியிருந்தோம். பக்கத்து முழக்கம் அடங்கியதும் அவர் முகம் மலருமென எதிர்பார்த்தோம். அவரோ சற்று நேரம் மௌனமாக இருந்து, "தம்பி, இதற்குள் ஏதோ கீச்சென்று கத்துகிறதே?" என்றார். கருவியில் எந்த ஒலியும் இல்லை. அந்தக் கீச்சொலி அவர் செவிக்குள்ளேயே இருந்தது. எத்தனை ஆண்டுகளாகவோ, மெஷின் ஓசை அதனை மூடி வைத்திருந்தது.

மறுவாரம் செவிப் பரிசோதனைக்கு அழைத்துச் சென்றோம். இழந்தது திரும்பாது, எஞ்சியதைக் காத்துக்கொள்ளுங்கள் என்றார் மருத்துவர். இரைச்சலால் வரும் செவிக்குறை, 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் அறிவிக்கத்தக்க தொழில்நோயாகப் பட்டியலிட்டிருந்த ஒன்று. இதை அறியாமலே முப்பது ஆண்டுகள் கழிந்துவிட்டன.

அமைதியான அறையில் இசை கேட்பவரென்றால் கம்பியுள்ள திறந்த வகையைத் தயங்காது வாங்குங்கள். இரைச்சலுக்கு நடுவே படிப்பவரும் பயணிப்பவரும் மற்றதை வாங்கலாம். தெருவைக் கடக்கும்போது கழற்றிவிடுங்கள். மெஷின் முன் நிற்பவருக்கு இவ்விரண்டும் ஆகாது. அவருக்குரியது தொழிற்கூடங்களுக்கென்றே செய்யப்பட்ட காதுக்கவசம்.

மச்சான் இப்போது அதனை அணிந்தே வேலைக்குச் செல்கிறார். உங்கள் இல்லத்திலும் எவரேனும் எதையும் இருமுறை கேட்பவராயின், வயதின்மேல் பழி போடுமுன் ஒருமுறை பரிசோதனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.