எலி வீட்டுக்குப் போகும் மருமகள்

தங்கச்சியின் மகள் வரும் ஓகஸ்டில் புளோரிடாவுக்கு வேலைக்குப் போகிறாள். டிஸ்னி வேர்ல்டில் ஒரு வருஷ வேலை. அம்மா, அதாவது அவளின் அம்மம்மா, இதற்கு "எலி வீட்டு வேலை" என்று பெயர் வைத்து கோயிலில் எல்லோருக்கும் சொல்லி முடித்துவிட்டார். இரண்டு மாதமாக மொன்றியலில் என்னைக் கண்ட சனம் எல்லாம் கேட்கிற கேள்வி ஒன்றுதான். "படிக்கிற பிள்ளை ஏன் உதுக்குப் போகுது?"

ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிக் களைத்துவிட்டேன். இங்கே எழுதிவிட்டால் கேட்கிறவர்களுக்கு இதை அனுப்பிவிடலாம்.

முதலில் வேலை என்னவென்று சொல்கிறேன். டிஸ்னி வேர்ல்டுக்குள் எப்கொட் என்றொரு பூங்கா இருக்கிறது. 1982 ஒக்ரோபர் முதலாம் திகதி திறந்தது. அதில் ஒரு குளத்தைச் சுற்றி 11 நாடுகளுக்கு மண்டபங்கள் கட்டி வைத்திருக்கிறார்கள். மெக்சிக்கோ, நோர்வே, சீனா, ஜேர்மனி என்று தொடங்கி ஒரு சுற்றுச் சுற்றினால் கடைசியில் கனடா. (இந்தியாவும் இல்லை, இலங்கையும் இல்லை. தமிழீழத்தைப் பற்றி நீங்கள் கேட்கமாட்டீர்கள் என்று நினைக்கிறேன்.) கனடா மண்டபத்தில் ஒட்டாவாவின் ஷாத்தோ லோறியே ஹோட்டலைப் பார்த்துக் கட்டிய ஒரு ஹோட்டல் முகப்பு உண்டு. ஒருவரும் அங்கே தங்க முடியாது, முகப்பு மட்டும்தான். கொங்கிறீற்றில் செய்த ரொக்கி மலை உண்டு, அதில் ஒரு நீர்வீழ்ச்சி உண்டு. பக்கத்தில் நிற்கும் பெரிய குலமரபுத் தூணை 1998இல் செதுக்கியவர் டேவிட் பொக்ஸ்லி என்ற சிம்ஷியன் கலைஞர். அவர் அலாஸ்காக்காரர், அதாவது அமெரிக்கர்.

இந்த மண்டபத்தில் கடையில் நிற்கவும், சாப்பாட்டுக் கடையில் பரிமாறவும் கனடாவிலிருந்து இளம் ஆட்களை எடுக்கிறார்கள். பதவியின் பெயர் "கலாசாரப் பிரதிநிதி". கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. மச்சான், அவளின் தகப்பன், அதைக் கேட்டுவிட்டு, "ஐஸ்கிறீம் விக்கிறதுக்கு உப்பிடி ஒரு பேரோ?" என்றார்.

ஆனால் அந்தப் பெயர் வெறும் அலங்காரம் இல்லை. அமெரிக்கா 1990ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டத்தில் இதற்கென்றே கியூ என்றொரு வகையைப் புகுத்தியது. டிஸ்னி விசா என்றே பலர் அதைச் சொல்வார்கள். பதினெட்டு வயது முடிந்திருக்கவேண்டும். ஆகக்கூடியது 15 மாதம். முடிந்தபிறகு ஒரு வருஷம் அமெரிக்காவுக்கு வெளியே இருந்தால்தான் திரும்பவும் அந்த வகையில் போகலாம். போகிறவர் தன் நாட்டின் வாழ்க்கையைப் பற்றி அமெரிக்கச் சனத்துக்கு விளங்கப்படுத்தக்கூடியவராக இருக்கவேண்டும் என்று விதியிலேயே எழுதியிருக்கிறது. ஆக, பருத்தித்துறைக்காரியின் மகள் அமெரிக்கச் சட்டப்படி கனடாவைப் பற்றிக் கதைக்கப் போகிறாள். அதற்குச் சம்பளமும் உண்டு.

சம்பளம் பெரிதாக ஒன்றும் மிஞ்சாது. டிஸ்னி கொடுக்கும் தங்குமிடத்தின் வாடகையைக் கிழமைக்குக் கிழமை சம்பளத்திலேயே கழித்துவிடுவார்கள். காசு சேர்க்கப் போகிறாள் என்று யாராவது நினைத்தால் அந்த நினைப்பை விட்டுவிடுங்கள்.

அவளுக்கு இப்படியான வேலை புதிதில்லை. பதினேழு வயதில் ஒரு கோடைக்கு லா றொண்டில் வேலை செய்தவள். மஞ்சள் மெற்றோ எடுத்து ஜான் டிராப்போவில் இறங்கி, பஸ் பிடித்துப் போய், வெயிலுக்குள் நின்று பிள்ளைகளின் உயரம் அளந்து ராட்டினத்தில் ஏற்றினாள். லா றொண்ட் 1967 உலகக் கண்காட்சிக்காகக் கட்டியது. அந்தக் கண்காட்சியில் 62 நாடுகள் பங்குபற்றின, சிலோனுக்கும் ஒரு மண்டபம் இருந்தது. இன்னொரு சங்கதியும் உண்டு. அங்கே தொலைபேசி மண்டபத்தில் டிஸ்னியின் கருவிகளால் எடுத்த, பார்ப்பவரைச் சுற்றிவர ஓடுகிற "கனடா 67" என்ற படம் காட்டினார்கள். எப்கொட் கனடா மண்டபத்தில் இன்றைக்கும் காட்டுவது அதே சுற்றுப்பட முறைதான். படம்தான் மாறிக்கொண்டு வருகிறது, கடைசியாக 2020இல் மாற்றினார்கள். மொன்றியலிலும் காட்டிய ஒரு வித்தையைப் பார்க்கத்தான் இவள் புளோரிடா போகிறாள் என்று மச்சானுக்குச் சொன்னேன். அவர் மசியவில்லை.

சரி, ஆயத்தங்களுக்கு வருவோம். இதே யோசனையோடு இருக்கிற பிள்ளைகள் உங்கள் வீட்டிலும் இருக்கலாம்.

கனடிய மண்டபத்துக்குப் போக கனடியக் குடியுரிமை வேண்டும். நிரந்தர வதிவிட அட்டை போதாது. போன வருஷம் வந்த எங்கள் உறவுப் பெடியன் ஒருவனும் ஆசைப்பட்டான், சரிவரவில்லை. மனுவை டிஸ்னிதான் அமெரிக்கக் குடிவரவுத் திணைக்களத்துக்குப் போடுகிறது. அது அங்கீகரித்து வந்தால், கனடியர்கள் தூதரகத்துக்குப் போய் விசா குத்தத் தேவையில்லை. அந்தத் தாளைக் கொண்டுபோய் எல்லை அதிகாரியிடம் காட்டினால் சரி.

பெயர் விசயத்தில் கவனம். எங்கள் வழக்கப்படி தகப்பனின் பெயர்தான் பிள்ளைக்குக் குடும்பப் பெயர். தகப்பனின் கடவுச்சீட்டில் அவருடைய தகப்பனின் பெயர். இதை வெள்ளைக்காரருக்கு விளங்கப்படுத்த ஒரு அரை மணித்தியாலம் வேண்டும். பிறப்புப் பத்திரத்தில், கடவுச்சீட்டில், பல்கலைக்கழகப் பதிவில் ஒரு எழுத்துக்கூட மாறாமல் இருக்கிறதா என்று முதலே பார்த்துக்கொள்ளுங்கள்.

கியூபெக் மருத்துவ அட்டை இன்னொன்று. ஒரு ஆண்டில் 183 நாளோ அதற்குக் கூடவோ வெளியில் இருந்தால் உரிமை போய்விடும், ஏழு வருஷத்துக்கு ஒருதரம் விலக்கு உண்டு. போகமுன்னரே அறிவித்துவிட்டுப் போவது நல்லது. அமெரிக்காவில் கால் முறிந்தால் என்ன செலவு என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

தோற்றத்துக்கும் விதிகள் வைத்திருக்கிறார்கள். நகம், முடி, தோடு எல்லாவற்றுக்கும். ஆம்பிளைகளுக்கு 2000ஆம் ஆண்டுவரை மீசையே கூடாது. அந்தக் கம்பனியைத் தொடங்கிய வால்ட் டிஸ்னி வாழ்நாளில் பெரும்பகுதி மீசையோடு திரிந்தவர் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். தாடிக்கு 2012வரையும், வெளியில் தெரிகிற பச்சைக்கு 2021வரையும் காத்திருக்கவேண்டியிருந்தது. எங்கள் அப்பா இருந்திருந்தால் மீசைக்குத் தடை போட்ட இடத்துக்குப் பேத்தியை அனுப்ப விட்டிருக்கமாட்டார்.

இதெல்லாம் தாள் வேலை. செய்து முடித்துவிடலாம். வீட்டில் உண்மையாகப் பிரச்சினைப்பட்டது வேறு விசயம்.

விண்ணப்பித்த அன்றே கோயிலில் ஒரு அன்ரி சொன்னார், "உங்கட பிள்ளையை எடுப்பினமோ? அவைக்குக் கனடா எண்டு காட்ட வெள்ளைப் பிள்ளையள்தானே வேணும்." தங்கச்சிக்கு அது முள்ளாய்க் குத்திவிட்டது. பிள்ளை முகத்தில் ஒன்றையும் காட்டவில்லை. இரவிரவாகப் பத்து மாகாணங்களின் தலைநகரங்களைப் பாடமாக்கினாள். நேர்முகத்தில் தலைநகரம் ஒன்றும் கேட்கவில்லையாம். உன் கனடாவைப் பற்றி ஏதாவது சொல்லு என்றார்களாம். அவள் சொன்னது பனிப்புயல் கதை.

1998 ஜனவரி 5ஆம் திகதி தொடங்கிய அந்த உறைமழையை மொன்றியலில் இருந்தவர்கள் மறக்கமாட்டார்கள். மழையாக விழுந்து, விழுந்த இடத்திலேயே கண்ணாடியாக உறைந்தது. மின்கோபுரங்கள் காகிதம்போல மடிந்தன. கியூபெக்கில் மட்டும் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகள் இருண்டன. தங்கச்சி 1996இல் வந்தவள். கோட் டே நேஜில் நிலக்கீழ் அறை. மேல்மாடியில் இருந்த கியூபெக்குவா கிழவி ஒருவர் பயந்து நடுங்கிக்கொண்டு கீழே வந்தார். தங்கச்சி அலுமாரியைத் திறந்து ஜாம் போத்தலை எடுத்துப் பஞ்சைத் திரித்துத் தேங்காயெண்ணெய் ஊற்றி விளக்குக் கொளுத்தினாள். குளிருக்கு எண்ணெய் கட்டியாகிவிட்டது. பிறகு நல்லெண்ணெய் ஊற்றினாள், எரிந்தது. யாழ்ப்பாணத்தில் 1990இலிருந்து கரண்ட் இல்லை, மண்ணெண்ணெய்க்குத் தடை. ஜாம் போத்தல் விளக்கில் படித்து ஏ லெவல் எடுத்தவளுக்கு மொன்றியலின் இருட்டு ஒரு பொருட்டா? அந்தக் கிழமை முழுக்க அந்த அறையில் மூன்று குடும்பமும் கிழவியும். காஸ் அடுப்பு வைத்திருந்த சிநேகிதன் ஒருவன் பார்க் எக்ஸ்ரென்சனிலிருந்து சோறும் பருப்பும் கொண்டுவந்தான். கிழவி செத்துப்போகும்வரை ஒவ்வொரு ஜனவரியும் தங்கச்சிக்கு ஒரு ஜாம் போத்தல் வாங்கிக் கொடுப்பார். மருமகள் பிறந்தது இதற்குச் சில வருஷம் கழித்து. ஆனால் கதை சொல்லச் சொன்னால் தான் அங்கே நின்றதுபோலச் சொல்லுவாள்.

எடுத்துவிட்டார்கள்.

அதற்குப் பிறகுதான் ஒத்திகை. நான் அமெரிக்க உல்லாசப் பயணி, அவள் பிரதிநிதி.

"எந்த ஊர் பிள்ளை நீ?"

"மொன்றியல்."

"அது சரி, உண்மையா எந்த ஊர்?"

"சென்ற் ஜுஸ்தீன் ஆஸ்பத்திரி, பிரசவ வாட்டு."

எல்லோரும் சிரித்தோம், மச்சான்கூட. ஆனால் பகிடியாக மட்டும் அதை விட முடியாது. ஒரு நாளைக்கு எத்தனை பேர் கேட்பார்கள்? தங்கச்சி சொன்னாள், "சிறிலங்கா எண்டு சொல்லாத." மச்சான் சொன்னார், "ஒண்டும் சொல்லாத, சிரிச்சிட்டு விடு." இரண்டும் எனக்குச் சரியாகப் படவில்லை. எங்கள் ஆட்களும் முதல் கேள்வியாய் "எந்த ஊர்" என்றுதானே கேட்கிறோம்? நாங்கள் கேட்பது ஆளோடு ஒட்டுவதற்கு. அவர்கள் கேட்பதில் பாதிப்பேர் அதற்குத்தான், மற்றப் பாதி ஆளை விலக்கிவைக்க. எது எது என்று கேட்கும் குரலிலேயே அவளுக்குத் தெரியும், எங்களைவிட நன்றாகத் தெரியும். நாங்கள் பாடம் எடுக்கத் தேவையில்லை.

2024 கடைசியில் ட்ரம்ப் கனடாவை 51ஆவது மாநிலம் ஆக்கலாம் என்று கதைக்கத் தொடங்கியபிறகு இது இன்னும் சிக்கலாகிவிட்டது. கனடியர்கள் பலர் புளோரிடாப் பயணத்தையே விட்டுவிட்டார்கள். மச்சானோடு வேலை செய்கிற ஒருவர், முப்பது வருஷமாய்க் குளிருக்குத் தப்பி அங்கே போய்வந்தவர், இனி மாட்டேன் என்கிறார். "இந்த நேரத்தில உன்ர பிள்ளையோ கனடாவின்ர கொடியைப் பிடிக்கப் போகுது?" என்று கேட்டாராம். கேட்ட விதத்தில் கொஞ்சம் மரியாதை இருந்ததாக மச்சான் நினைக்கிறார். அன்றைக்குப் பிறகு ஐஸ்கிறீம் பகிடியை நிறுத்திவிட்டார்.

எனக்கு எல்லை என்றால் இன்றைக்கும் வயிற்றைக் கலக்கும். நான் 1986 டிசெம்பரில் நியூயோர்க் பக்கத்திலிருந்து லக்கோல் எல்லைக்கு வந்தவன். அந்த ஓகஸ்டில்தான் நியூஃபவுண்லாந்துக் கடலில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் 155 தமிழரைக் கண்டெடுத்திருந்தார்கள். "நீயும் படகில் வந்தவனோ?" என்றார் அதிகாரி. இரண்டு மாதம் பிந்தியிருந்தால் என் கதை வேறு. 1987 பெப்ரவரி 20இல் விதி மாறி, எல்லைக்கு வந்தவர்களைத் திகதி கொடுத்து அமெரிக்காவுக்கே திருப்பினார்கள். பிளாட்ஸ்பேர்க்கில் சனம் பனிக்குள் இடமில்லாமல் நின்றது. இப்போது றொக்ஸம் வீதியும் 2023 மார்ச்சில் மூடியாயிற்று. மருமகளுக்கு அமெரிக்க எல்லை மொன்றியல் விமான நிலையத்துக்குள்ளேயே இருக்கிறது. அவர்களின் அதிகாரி இங்கேயே நின்று பார்த்து அனுப்பிவிடுவார். அவளுக்கு அது இன்னொரு வரிசை, அவ்வளவுதான். தாள்களைப் பிரதி எடுத்து இரண்டு இடத்தில் வை என்று நான் மூன்றுதரம் சொல்லிவிட்டேன். "மாமா, ஃபோனில இருக்கு" என்கிறாள்.

சீருடைப் படம் ஒன்று காட்டினாள். கட்டம் போட்ட சட்டை, மரம் வெட்டுகிறவர்கள் போடுவதுபோல. முதல் குளிருக்கு தேவாலயத்தில் எனக்குத் தந்ததும் அதே மாதிரி ஒன்று. கோப்பை கழுவப் போன இடத்தில் அதன் கை நனைந்து விறைத்து நிற்கும்.

பெயர்ப்பட்டிக்கு இன்னும் முடிவில்லை. டிஸ்னியில் எல்லோருக்கும் முதற்பெயர் மட்டும்தான், கீழே ஊர். லா றொண்டில் தன் பெயரை அவளே மூன்று எழுத்தாகச் சுருக்கி வைத்திருந்தாள். இந்தமுறை முழுதாகப் போடப் போகிறாளாம், நாலு அசை. சொல்லத் தெரியாதவர்கள் கேட்டுப் பழகட்டுமாம். ஊருக்கு மொன்றியல். அதில் பருத்தித்துறை என்று போட ஏலாதோ என்று அம்மா கேட்டார். மருமகள் கோபப்படாமல் ஃபோனில் தேடி இங்கிலிசில் எப்படி எழுதுகிறார்கள் என்று காட்டினாள். பொயின்ற் பேட்ரோ.

"உது எந்த ஊர்?" என்றார் அம்மா.