கடலிலே காத்திருந்த பறவை

கடற்கரை வழியாகப் பிரயாணஞ் செய்வோர் கடலைப் பார்த்து மகிழ்வது வழக்கம். அக்கடலிலிருந்து நம்மைப் பார்த்துக் கொண்டிருக்கும் கண்களும் உண்டு என்பதை நியூசிலாந்தின் தென்தீவிலே, சென்ற தை மாதத்தில், நாம் கற்றுக்கொண்டோம். தை மாதம் அங்கே கோடை காலம். இரவு ஒன்பது மணியானாலும் வெளிச்சம் மறைவதில்லை.

டனீடின் நகரில் வாழும் நம் மைத்துனர் ஒரு 'காம்பர்வான்' வாடகைக்கு அமர்த்தித் தந்தார். படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி யாவும் உள்ளேயே அமைந்த வீட்டு வண்டி அது. அரிசிமாவையும் புட்டுக் குழலையும் மறவாமல் ஏற்றிக்கொண்டு, பிள்ளைகள் இருவருடனும் தெற்கே கற்லின்ஸ் என்னும் கரையோரப் பகுதிக்குப் புறப்பட்டோம். ஒரு புறம் செம்மறிகள் மேயும் பசுங்குன்றுகள். மறுபுறம் தென்துருவக் குளிரைச் சுமந்துவரும் கடல்.

முதலிரவைச் சூரத் குடாவின் அருகே கழித்தோம். 1874 ஆம் ஆண்டிலே, குடியேற வந்தோரை ஏற்றிய 'சூரத்' என்னும் கப்பல் அங்கே கரைதட்டியதால் வந்த பெயர் அது. காலையில் மணலில் உலாவச் சென்றபோது சற்றுத் தொலைவில் பெரிய மரக்குற்றிகள் சில ஒதுங்கிக் கிடந்தன. "அப்பா, அந்தக் குற்றி கொட்டாவி விடுகிறதே!" என்று கூவினான் இளைய மகன். உற்றுப் பார்த்தோம். குற்றியல்ல, கடற்சிங்கம்! துடுப்புப் போன்ற கையால் மணலை வாரித் தன் முதுகின்மேல் எறிந்துவிட்டு மறுபடியும் உறங்கத் தொடங்கியது. ஆண் விலங்கு நானூறு கிலோவுக்கு மேலும் வளரும் எனின், நாம் எத்துணை விரைவாகப் பின்வாங்கியிருப்போம் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

மனிதரின் வேட்டையால் நியூசிலாந்தின் பெருந்தீவுகளிலிருந்து இவ்வினம் முற்றாக மறைந்திருந்தது. தெற்கே தொலைதூரத் தீவுகளில் மாத்திரம் எஞ்சியிருந்தது. 1993 ஆம் ஆண்டிலே ஒரு தாய் ஓட்டகோ கரைக்கு வந்து குட்டி ஈன்றது. அன்று தொட்டுக் கடற்சிங்கங்கள் தம் பழைய கரைகளுக்குச் சிறிது சிறிதாகத் திரும்பி வருகின்றன.

மறுநாட் பிற்பகல் கியூரியோ குடாவை அடைந்தோம். கடல் வற்றும் வேளையில் அங்கே ஒரு காடு வெளிப்படும். ஏறக்குறைய 17 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த மரங்கள் அடியும் தண்டுமாகக் கல்லாகிக் கிடக்கின்றன. அக்காலத்தில் நியூசிலாந்தும் இந்தியாவும் நம் இலங்கையும் கோண்டுவானா என்னும் பெருநிலத்தின் பகுதிகளாயிருந்தன என்று மகளுக்கு விளக்கியபடி, மாலை வரை அக்கற்களின் நடுவே படம் பிடித்துக் கொண்டிருந்தோம். கரையிலிருந்த அறிவித்தற் பலகையை, அவசரத்தில், நாம் படிக்கவில்லை.

மேலே நின்ற மூதாட்டி ஒருவர் கையசைத்து அழைத்தார். ஏறிச் சென்றதும் அலைகளைச் சுட்டிக்காட்டினார். நுரையின் நடுவே சிறு தலையொன்று தோன்றித் தோன்றி மறைந்தது. "அது பென்குயின். நீங்கள் நின்ற இடந்தான் அது வீட்டுக்குப் போகும் வழி. ஆளைக் கண்டால் கரையேறாது. காத்திருக்கும் நேரத்தில், குஞ்சுக்கென்று வயிற்றிற் கொண்டுவரும் மீன் சமித்துக் குறைந்து போகும்" என்றார் அவர். கடிந்து பேசவில்லை, ஆயினும் நாம் நாணித் தலைகுனிந்தோம்.

எட்டி நின்று, பேச்சடக்கிக் காத்திருந்தோம். அரைமணி நேரத்துக்குப் பின் அலையொன்று அப்பறவையைப் பாறையில் இறக்கிவிட்டது. இரண்டடிக்குச் சற்று மேற்பட்ட உயரம்; கண்ணிலிருந்து தலையின் பின்புறம் வரை மஞ்சட் பட்டி. இருபுறமும் திரும்பிப் பார்த்துவிட்டுக் கல்மரங்களின் மேலே தத்தித் தத்திப் புதருள் மறைந்தது. சிறிது நேரத்தில் உள்ளேயிருந்து கீச்சென்ற குரல் எழுந்தது. "குஞ்சுக்கு இன்று சாப்பாடு பிந்திவிட்டது, அப்பா" என்றாள் மகள். பிந்தியது யாரால் என்பதை அவள் சொல்லவில்லை.

மாவோரி மக்கள் ஹொய்ஹோ என்றழைக்கும் அப்பறவையின் உருவம் அந்நாட்டு ஐந்து டொலர்த் தாளிலே உண்டு. 2024 ஆம் ஆண்டில் நடந்த வாக்கெடுப்பில் 'ஆண்டின் பறவை' என்னும் பெயரையும் அது பெற்றது. இத்துணைப் பெருமையிருந்தும் பெருந்தீவுகளில் அதன் கூடுகள் ஆண்டுக்காண்டு அருகி வருகின்றன.

நம் தென்கரையிலே றெக்கவையில் முட்டையிட வரும் கடலாமையும், ஒளியைக் கண்டால் முட்டையிடாமலே கடலுக்குத் திரும்பிவிடுவதுண்டு. அதைக் காணச் செல்லும் அன்பர்கள் கைவிளக்கை அணைத்துவிட்டுச் சற்று எட்டியே நிற்பார்களாக. பலகை இருந்தால் முதலில் அதைப் படித்துவிடுங்கள். நாம் படிக்கத் தவறியதற்கு விலை கொடுத்தது நாமல்ல, ஒரு குஞ்சு.