பெக்கேஜைக் கூட்டுவதற்கு முன் லைனைப் பாருங்கள்

வலப்பனை உறவுகளுக்கும் அயலவர்களுக்கும்,

கொஞ்சம் நீளமான பதிவு. பழைய டெலிபோன் வயர் வழியாக இணையம் எடுக்கும் வீடுகளுக்காக எழுதுகிறோம். ஃபைபர் வந்துவிட்டவர்கள் கடந்து போகலாம். உம்மா வாப்பா வீட்டில் இன்னும் பழைய லைன்தான் என்றால் வாசியுங்கள்.

பெற்றோர் எங்களிடம் அடிக்கடி சொல்வது இது: "டீச்சர், கூடக் காசு கட்டி பெரிய பெக்கேஜுக்கு மாறினோம். பிள்ளைட சூம் வகுப்பு முந்தி மாதிரியே நின்டு நின்டுதான் வருது." நாட்சம்பளத்தில் ஓடும் வீட்டுக்கு அந்தக் கூடுதல் காசு சின்னக் காசு இல்லை. சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைக்குத் தவறிப்போன வகுப்பும் சின்ன விசயம் இல்லை. அதனால்தான் அந்த வயருக்குள் என்ன நடக்கிறது என்று சொல்ல நினைத்தோம்.

டெலிபோன் லைன் என்பது முறுக்கிய இரண்டு செம்புக் கம்பி. நாம் பேசும் குரலுக்கு அதில் 4 கிலோஹேர்ட்ஸ் வரை போதும். அதற்கு மேலே சும்மா கிடக்கும் இடத்தில்தான் ஏடிஎஸ்எல் இணையம் ஓடுகிறது. ஏறத்தாழ 25 முதல் 1104 கிலோஹேர்ட்ஸ் வரை. பின்னால் வந்த ஏடிஎஸ்எல் 2 பிளஸ் அதை 2208 வரை நீட்டியது.

சிக்கல் என்னவென்றால், தூரம் கூடக் கூட சிக்னல் தேயும். மேல் அலைவரிசைகள் முதலில் தேயும். மோடத்தில் "அட்டெனுவேஷன் 60 டெசிபல்" என்று காட்டினால், அனுப்பிய சக்தியில் பத்து இலட்சத்தில் ஒரு பங்குதான் வந்து சேர்கிறது என்று அர்த்தம். எக்ஸ்சேஞ்சுக்கு 1 கிலோமீற்றருக்குள் 20 மெகாபிட் கிடைக்கும் அதே தொழில்நுட்பம், 5 கிலோமீற்றரில் ஒன்று இரண்டு மெகாபிட்டுக்கு இறங்கிவிடும். நம்ம மலையில் எதிர்ப்பக்கத்து வீடு கூப்பிடு தூரத்தில் தெரியும். வயரோ ரோட்டின் எல்லா வளைவிலும் சுற்றித்தான் அங்கே போகிறது.

இந்தத் தேய்ந்த சிக்னலை மோடம் எப்படிச் சமாளிக்கிறது? இலவசப் பாடநூல் கட்டு வந்திறங்கும் நாளை நினையுங்கள். 256 பிள்ளைகளை வரிசையாக நிற்கவைத்து, பலமானவருக்கு 15 புத்தகம், மெலிந்தவருக்கு இரண்டு, காய்ச்சல்காரருக்கு ஒன்றும் இல்லை என்று பிரித்துக் கொடுக்கிறோம். மோடமும் லைனை 256 சிறு பாதைகளாகப் பிரிக்கிறது. டிஎஸ்எல் விளக்கு சிமிட்டும் அந்தக் கொஞ்ச நேரத்தில் ஒவ்வொரு பாதையையும் அளந்து, தாங்கும் அளவுக்கு மட்டும் சுமை ஏற்றுகிறது. ஸ்டான்ஃபோர்ட் பேராசிரியர் ஜோன் சியோஃபி குழுவின் இந்த முறை 1993இல் அமெரிக்காவில் நடந்த ஒப்பீட்டுச் சோதனையில் தெரிவாகி, 1995இல் தரமானது.

இடையில் ஒரு பாதை சோர்ந்தால் அதன் சுமையை மற்றப் பாதைக்கு மாற்றும். தரவைக் கலைத்து அனுப்புவதால், திடீர் இரைச்சலில் ஒரு துண்டு கெட்டாலும் திருத்திக்கொள்ளும். அதற்கு விலை சில மில்லிசெக்கன் தாமதம். எதிர்பாராத இரைச்சலுக்காகப் பொதுவாக 6 டெசிபல் கைவசமும் வைத்திருக்கும். அதுதான் "எஸ்என்ஆர் மார்ஜின்". அதுவும் கரைந்தால் லைன் விழும், மோடம் மறுபடி முதலிலிருந்து அளக்கும்.

மார்ஜினைக் கரைப்பது எது? துருப்பிடித்த மூட்டு, தண்ணீர் ஏறிய பெட்டி, ஃபில்டர் இல்லாத போன், மட்டமான சார்ஜர். மத்திய அலை வானொலியும் இதே அலைவரிசைகளில்தான். இரவில் அது தூரத்திலிருந்தும் வந்து சேரும். பகலில் நன்றாக ஓடிய லைன் இரவில் விழுவதற்கு அது ஒரு காரணம்.

ஆக, மோடம் லைன் தாங்குவதைத்தான் எடுக்கிறது. லைன் 2 மெகாபிட்தான் தாங்கும் என்றால் 16 மெகாபிட் பெக்கேஜுக்குக் காசு கட்டியும் 2தான் வரும்.

செய்யக்கூடியவை:

1. வீட்டுக்குள் வரும் முதல் சொக்கெட்டில், எக்ஸ்டென்ஷன் இல்லாமல், மோடத்தை ஒரு நாள் போட்டுப் பாருங்கள்.

2. ஒவ்வொரு போனுக்கும் ஃபில்டர் இருக்கிறதா பாருங்கள்.

3. மோடத்தின் பக்கத்தைத் திறந்து அட்டெனுவேஷன், மார்ஜின் இரண்டையும் வெயில் நேரத்திலும் மழை நேரத்திலும் எழுதி வையுங்கள். அட்டெனுவேஷன் மாறாமல், மழையில் மட்டும் மார்ஜின் விழுந்தால் மூட்டில் ஈரம் என்று சந்தேகிக்கலாம்.

4. போனைத் தூக்கிக் கேளுங்கள். கரகரப்பு இருந்தால் "இணையம் ஸ்லோ" என்று சொல்லாதீர்கள். "லைனில் இரைச்சல், பேச்சும் தெளிவில்லை" என்று முறைப்பாடு கொடுத்து, இலக்கத்தை வாங்கி வையுங்கள். முதலாவதைச் சொன்னால் பெக்கேஜ் விற்பார்கள். இரண்டாவதைச் சொன்னால்தான் கம்பத்தில் ஆள் ஏறுவார்.

5. லைன் உண்மையிலேயே தூரம் என்றால், வேகத்தைக் குறைத்து மார்ஜினைக் கூட்டித் தரும்படி கேளுங்கள். சூம் வகுப்புக்கு விழாமல் வரும் ஒரு மெகாபிட், விழுந்து எழும்பும் நான்கை விட மேல்.

6. இடி மின்னலில் கரண்ட் வயரையும் டெலிபோன் வயரையும் சேர்த்துக் கழற்றுங்கள்.

ஃபைபர் வந்தால் இந்தத் தொல்லை பெரும்பாலும் தீரும். கண்ணாடி இழையில் வெளிச்சம் போவதால் வானொலியும் மின் இரைச்சலும் அதைத் தொடாது. அது வரும்வரை இருக்கிற செம்பைச் சரியாக வைத்துக்கொள்வோம்.

அந்த இரண்டு இலக்கங்களையும் போட்டோ எடுத்துப் பிள்ளையிடம் கொடுத்துவிடுங்கள். பாடசாலை விட்ட பிறகு பார்த்து, முறைப்பாட்டில் என்ன எழுத வேண்டும் என்று சொல்கிறோம். பெக்கேஜ் மாற்ற நினைத்திருப்பவர்கள் அதுவரை கொஞ்சம் பொறுங்கள்.